மழையில் அணையும் கோட்டை

சாயங்கால மழையில் பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோ. எதிரே கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். டிராகன் பறக்கும் வீடியோ கேம் ஒன்றுக்கு மழையும் விளக்கொளியும் தானே செய்து, அதை ஆடுகிறவர்கள் இறக்கிக்கொள்ள ஒருத்தி இணையதளத்தில் ஏற்றியிருக்கிறாள்.

“மழ வந்தா கோட்டையில எல்லா வெளக்கும் அணைஞ்சிடுதாம், தப்புன்னு எழுதுறானுங்க,” என்றாள்.

“நீதான அப்டி வச்ச?”

“ஆமா. மழ வந்தா கரண்டு போவும்ல?”

“அடிப்பாவி, அது தீப்பந்தம். அதுக்கு இன்னாடி கரண்டு?”

“செய்யசொல்ல தோணவே இல்லடி. திங்கக்கெழமைக்குள்ள மாத்தலன்னா சைட்டுலேர்ந்து தூக்கிடுவாங்களாம். ஆறு மாச வேல.”

“அப்ப மாத்து.”

“மாத்தணும். ஒருத்தன் மட்டும் வேற மாதிரி எழுதிகீறான். அணையறது கரெக்டாம். மழ நின்ன ஒடனே வெளக்கு வந்துடுது பாரு, அதுதான் தப்பாம்.”

மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சத்தியமா அவன் நம்ம பக்கந்தான், ஆவடிடி.”

ஆட்டோ குமணன்சாவடியில் நின்றது. மழை செய்தவள் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

“சைட்டுக்கு மாத்திப் போட்டுடறேன். அவனுக்கு மட்டும் தனியா ஒன்னு அனுப்புறேன். மழ நின்னு ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் வெளக்கு வரும்.”