காஷ்பாரின் கால்

— அந்தப் படிக்குக் கீழ இறங்காதீங்கக்கா. இன்னிக்குக் காத்தே இல்ல, வாயு மேல ஏறி நிக்குது.

— கால் வைத்தியத்துக்கு வாயுக்குழியில உக்கார்றவரு இவருதான், நான் உக்கார வரல திபோர். இவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்.

— முதல்ல இந்த மெழுகுவத்தியைப் பாருங்க. இதோ இறக்கறேன். அண்ணன் நெஞ்சுகிட்டயே அணைஞ்சிடுச்சு பாருங்க. மத்த நாள்ல இடுப்போட நிக்கும். நம்ம ஹர்கிதா மலை நெருப்பைக் கக்கி எத்தனையோ காலமாச்சு, மூச்சு மட்டும் நிக்கல. காஷ்பார் அண்ணே, சீக்கிரம் ஏறிடுங்க. இந்த வாரம் காவல் முறை என்னுது. ஏதாச்சும் ஆனா ஊரு என்னைத்தான் கேக்கும்.

— நீ ஊத்துப் பக்கம் போய் பாட்டிலை ரொப்புடா. உன் மூஞ்சியைப் பாத்தா கரடியே ஓடிடும், வாயு எம்மாத்திரம்? பிரோஷ்கா, நீ ஏன் கூண்டுக்கோழி மாதிரி அலையற? உக்காரு.

— உக்கார முடியலைங்க. நான் சொல்றதைக் கேளுங்க. காலையில நான்...

— தெரியும். நாளைக்கு பஸ்ஸு, ஆஸ்திரியா. அந்தக் கிழவியம்மாவைப் பாத்துக்க ஆள் வேணும். போயேன். நானா தடுக்கறேன்? எனக்குத்தான் முழங்காலுக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. நம்ம வாசப்படி ரெண்டு ஏறவே உன் தோள் வேணும். மாட்டுக்குத் தீனி வைக்க யாராச்சும் வருவாங்க.

— வசந்தத்துல இருந்து இதே பாட்டு. உங்க கால் முடியலைன்னு வேலையை விட்டுட்டு வந்தேனே, அங்க எனக்குன்னு ஒரு ரூம் இருந்துச்சு, தெரியுமா உங்களுக்கு? ஜன்னலைத் திறந்தா டிராம் போறது தெரியும். அந்தம்மா சாப்பிட்டு முடிச்சதும் நன்றி பிரோஷ்கான்னு சொல்லுவாங்க. உங்களுக்கு முப்பது வருஷமா சோளக்களி கிண்டிப் போடறேன்.

— நன்றி பிரோஷ்கா.

— கிண்டல் வேற. நான் சொல்ல வந்ததே வேற. ஐயோ, என் கண்ணாடி. இருங்க, அந்தப் படியில விழுந்திருக்கு.

— கிடக்கட்டும், குனியாதே. பிரோஷ், குனியாதேன்னு சொல்றேன்ல. பிரோஷ்! திபோர், ஓடி வாடா!

— இந்தாங்கண்ணே, கையைப் பிடிங்க. மேல வந்தாச்சு. புல்லுல படுக்க வைங்க. தலையைச் சாய்ச்சு வைங்க.

— கண்ணைத் திற. என்னைப் பாரு பிரோஷ்.

— மூச்சு வருதுண்ணே. ஊத்துத்தண்ணி இருக்கு, முகத்துல தெளிங்க.

— போதும்... ஜில்லுனு இருக்கு.

— பிழைச்சீங்கக்கா. போன கோடையில இந்தக் குழிக்குள்ள ஒரு நரி இறங்குச்சு. அப்படியே கிடந்துச்சு.

— யாரு என்னைத் தூக்கினது? நீயா திபோர்?

— நான் எங்க? நான் வர்றதுக்குள்ள அண்ணன் உங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு அத்தனை படியும் ஒரே ஓட்டமா ஏறிட்டாரு. கடைசியில கை குடுத்ததுதான் நான்.

— திபோர், நீ போய் பாட்டிலைப் பாரு.

— அவன் இருக்கட்டும். நீங்க எந்திரிச்சு நில்லுங்க.

— பயத்துல ஏதோ ஒரு வேகம் வந்துடுச்சு பிரோஷ்...

— அந்த பைன் மரம் வரைக்கும் நடந்துட்டு வாங்க. நொண்டாம நடங்க. ம். எப்பச் சரியாச்சு?

— கோடை ஆரம்பத்துல புல்லு அறுத்தாங்களே, அப்பவே.

— கோடை பூரா உங்க பூட்ஸை நான் கழட்டி விட்டுக்கிட்டு இருந்தேன்.

— சொன்னா நீ பஸ் ஏறிடுவ. உன்னை நிறுத்தி வைக்க என்கிட்ட இந்தக் காலை விட்டா என்ன இருந்துச்சு?

— போகாதன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அது உங்க வாயில வரல.

— இப்ப சொல்றேன். போகாத.

— நான் சொல்ல வந்ததை இப்பவாச்சும் கேளுங்க. காலையிலயே அங்க போன் பண்ணிட்டேன். வீட்டுக்காரருக்குக் கால் தேறல, நான் வரல, வேற ஆள் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டேன். கட்டி வச்ச பையையும் பிரிச்சுட்டேன்.

— அப்ப போகலையா? இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த?

— இதைச் சொல்லத்தான் வந்தேன். திபோர், உன் போனைக் கொஞ்சம் குடு. அவங்க இன்னும் வேற ஆள் பாத்திருக்க மாட்டாங்க.