ஒரு புள்ளியும் ஒரு கொம்பும்

நீங்கள் தட்டச்சு செய்து தந்த வாக்குமூலத்தில் மூன்று பிழைகள் இருக்கின்றன, சார்ஜன்ட். 'குளிசை' என்பதை இரண்டு இடங்களில் 'குழிசை' என்று அடித்திருக்கிறீர்கள். மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் கனகலிங்கம். ஊர் நெல்லியடி. பத்திரிகையொன்றில் நாற்பத்தொரு வருடம் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மருந்துக்கடைப் பலகை, கல்யாணக் காட், மரண அறிவித்தல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் திருத்திக்கொண்டு திரிந்தேன். கை பரபரத்த அந்த அந்தரத்தில்தான் உறவினர் ஒருவர் வீட்டுக் கூரைக்குக் கீழே, அட்டாளையில் 1961ஆம் ஆண்டு வார இதழ்க் கட்டொன்று கிடைத்தது.

அதில் 'செவ்வாயில் பனங்காடு' என்றொரு விஞ்ஞானச் சித்திரக்கதை இருபத்துமூன்று வாரம் வந்திருந்தது. வரைந்தவர் குருநகர் செபநாயகம். மாலுமி பாவிலு தனியாளாக ரொக்கெட்டில் செவ்வாய்க்குப் போகிறான். ரொக்கெட்டும் கிட்டத்தட்ட ஒரு வள்ளம்தான், முன்பக்கத்தில் மாதா படம்கூட இருக்கிறது. கடைசிப் படத்தில் பாவிலு செம்மண்ணில் பனங்கொட்டை ஊன்றிவிட்டு, கதவு திறந்து கிடக்கும் ரொக்கெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அதைப் பார்த்து நான் அழுதேன். எப்போது வருவாய், எப்போது போவாய் என்றே எல்லோரும் கதைக்கிற ஊரில் ஒருவன் திரும்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறான். படத்தின் அடியில் 'தொடரும்' என்று இருந்தது. இதழ் அத்தோடு நின்றுவிட்டதால், கதையைத் தொகுத்து நான் வெளியிட்ட புத்தகத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். வேண்டாத சொல்லை எடுப்பது என் தொழில்.

குருநகர் மீன் சந்தையில் விசாரித்தபோது ஒருவர், "செபநாயகமோ? அவர் தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வோடையே போயிட்டார்" என்றார். முன்னுரையில் அவர் 1995இல் காலமானார் என்று எழுதினேன். போனவர் மன்னாருக்குப் போயிருந்தார் என்பதோ, பேத்தி தனுஷாவோடு குருநகருக்கே திரும்பிவிட்டார் என்பதோ எனக்குத் தெரியாது.

வெளியீட்டு விழாவில் அவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். முன்வரிசையில் ஒரு கிழவரும் பொல்லை ஊன்றி எழுந்து தலைகுனிந்து நின்றார். எல்லோரும் அமர்ந்த பிறகும் அவர் அமரவில்லை.

"தம்பி, அந்தச் செபநாயகம் நான்தான்," என்றார். "எல்லாரும் நிண்டு முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

மண்டபமே சிரித்தது. உயிரோடிருந்த மனிதரைச் சாகடித்துவிட்டீர்களே என்று ஒரு மாதமாகச் சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் என் கையிலிருந்து தப்பி அச்சேறிய முதல் பிழை அது. சாப்பிடும்போதுகூட அதுதான் நினைவு.

அதையாவது தாங்கியிருப்பேன். அவர் மிச்சக் கதையை வரையத் தொடங்கினார்.

"அது முடிவில்லைத் தம்பி, பேப்பர் நிண்டுபோச்சு. பாவிலு திரும்பி வாறான். இன்னும் எட்டுப் பக்கம், ரண்டாம் பதிப்பிலை போடுவம்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிழமைக்கு மூன்று தடவை பஸ் ஏறிப் போய் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். எட்டாம் பக்கத்தின் பென்சில் கோட்டில் பாவிலு குருநகர்ச் சந்தையில் பாரை மீன் விற்றுக்கொண்டிருந்தான். இடுப்பில் ஒரு பிள்ளை வேறு. அறுபது வருடமாகச் செவ்வாயில் நின்ற மனிதனுக்கு வந்த கதி. வேண்டாம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

"பாவம், அவன் எத்தினை வருசம் அங்கை தனிய நிப்பான்?" என்றார் அவர்.

தனுஷா நல்ல பிள்ளை. விடியற்காலையிலேயே தையல் ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவாள். கிளினிக்கில் கிழவருக்கு அந்த மாதம்தான் இதயத்துக்குப் புதிதாக ஒரு சின்ன வெள்ளைக் குளிசை எழுதி, மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதிய ஆங்கிலக் கிறுக்கல் அவருக்கு விளங்காது. எல்லாக் குளிசைகளையும் பெரிய தமிழ் எழுத்தில் அடித்துத் தரமுடியுமா என்று என்னிடம் கேட்டாள். பிழை வராத கை என்னுடையதுதானாம்.

அவள் வாசிக்க நான் எழுதிக்கொண்டேன். வெள்ளைக் குளிசைக்கு நேரே 'கால்' என்று வரவேண்டும். நாளொன்றுக்குக் கால் குளிசை. வீட்டில் அடிக்கும்போது புள்ளியை எடுத்துவிட்டு ஒரு கொம்பு வைத்தேன். 'காலை' என்று ஆயிற்று. மற்றக் குளிசைகளுக்கு நேரேயும் காலை, மாலை என்றே இருந்ததால் அது யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. அவர் காலையில் ஒரு முழுக் குளிசை போட்டார்.

பத்தாம் நாள் போனபோது செவ்வாயின் மண்ணுக்கு மஞ்சள் தீட்டியிருந்தார். செவ்வாய் சிவப்பல்லவா என்று கேட்டேன்.

"எனக்கு எல்லாம் மஞ்சளாத்தான் தெரியுது தம்பி. புதுக் கடதாசியும் பழசு மாதிரிக் கிடக்கு."

சாப்பாடும் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றார். பிறகு சுவரில் நான் ஒட்டிய தாளை விரலால் தொட்டு வாசித்துக் குளிசையை எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வயதானவருக்கு அந்த உதவியைக்கூடச் செய்யாமல் இருக்க முடியுமா. குளிசை கூடியதால் கண்ணில் ஏறிய அந்த மஞ்சளை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான், நிறத்தில் அவர் ஒருபோதும் பிழை விட்டதில்லை.

பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். இந்தமுறை நானே நேரில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆறு பக்கங்கள்தான் முடிந்திருந்தன. பாவிலு இரண்டு கிரகங்களுக்கும் நடுவில் நிற்கிறான், சந்தைக்கு வரமாட்டான். இரண்டாம் பதிப்பில் முன்னுரையை அப்படியே விட்டு, இறந்த ஆண்டை மட்டும் மாற்றினால் போதும்.

தனுஷா சுவரிலிருந்து கழற்றிக்கொண்டுபோன அந்தத் தாளில் 'காலை' என்று இருப்பதை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்த பிறகு நீங்கள் என்னை அழைத்தீர்கள். தனுஷா இங்கேயே, உங்கள் முன்னால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "கை தவறினதுக்கு நீங்கள் என்ன செய்வியள் ஐயா. அப்பப்பாவும் உங்களைக் குறை சொல்லமாட்டார்," என்றாள். நீங்களும் வழக்குக் கோவையை மூடிவிடலாம் என்ற எண்ணத்தில் தேநீர் வாங்கித் தந்தீர்கள். நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் மூன்றாவது பிழை இருக்கிறது. 'கவனக்குறைவால் நேர்ந்த எழுத்துப்பிழை' என்று நீங்கள் அடித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கள். சுவரில் ஒட்டுவதற்கு முன் அந்தத் தாளை மூன்று தடவை சரிபார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.