பிளவுக்குள்ள கறுப்பு

வரிசையாவே சொல்றேன் மாப்ள, சங்க மேடைப் பழக்கம், குறுக்க பேசாதீங்க. மொதல் தப்பு, சங்கத்துல கொடி புடிச்ச கையோட போயி குவாரி மேஸ்திரி வேலைய வாங்கினது. ரெண்டாவது, ஸ்ட்ரைக்குன்னு நாங்க குவாரி கேட்டுல படுத்துக் கெடந்தப்ப பின்பக்கமா லாரிய வெளிய விட்டது. அப்பவும் நான் வாயத் தொறக்கல, பொண்ணக் குடுத்த எடமாச்சே. மூணாவது, போன வாரம் பாறை சரிஞ்சு டிரில்காரன் செத்தானே, அவன் இஷ்டத்துக்குத் துளை போட்டான், அதுலதான் அன்னைக்கு விரிசல் விட்டுச்சுன்னு ஆபீஸ்ல சொன்னது. செத்தவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்லவா போறான். தப்பு அவன் மேலன்னு அவன் பொண்டாட்டி புள்ளைங்கள குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லிட்டாங்க, தெரியும்ல.

எழுந்திருக்காதீங்க. தண்ணி வேணுமா?

இந்தக் கல்லப் பாருங்க. தெரியாதா, சரி. அந்தப் பாறையோட சில்லு. இது பிளவுக்குள்ள இருந்த பக்கம். கரி தூவுன மாதிரி பொட்டுப் பொட்டா இருக்கே, அது பாசி. வெளிச்சமும் காத்தும் பட்டாத்தான் சுண்ணாம்புக் கல்லுல ஒட்டும். இவ்வளவு படர வருஷக்கணக்கா ஆகும். அன்னைக்கு விட்ட விரிசல்னா உள்ள பளிச்சுனு வெள்ளையால்ல இருக்கணும்.

கவனிக்கலயா? ஆள எறக்குறதுக்கு முன்னாடி பாறையத் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லன்னு மேஸ்திரி செவப்புப் பெயின்ட்ல தன் பேர எழுதணும், அதானே வழக்கம். நீங்க ஆளுங்க உங்களுக்கு வச்ச பட்டப் பேரையே எழுதுவீங்க, அதுல ஒரு பெருமை. பிளவு ஓரத்துலயே எழுதிட்டீங்க மாப்ள. கடைசி எழுத்து வழிஞ்சு உள்ள எறங்கியிருக்கு. பாசி மேல செவப்பு. நீங்க எழுதுறப்பவே அது வாயத் தொறந்துட்டுதான் இருந்திருக்கு.

அழாதீங்க, உங்க மூஞ்சிக்கு அது ஒட்டல.

ஆளுங்க யாரும் காட்டிக் குடுக்கல. சரிஞ்ச எடத்துல பொறுக்கிட்டு வந்து பாத்ரூம் டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வச்சீங்களே, தூரமாப் போட்டுட்டு வரக்கூடத் துணிச்சல் இல்லாம, அத என் பொண்ணு பாத்ரூம் கழுவுறப்ப பார்த்திருக்கா. அழுக்குன்னு நெனச்சு பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்கா பாவம். என்ன கறைப்பா இது, போகவே மாட்டேங்குதுன்னு எங்கிட்ட கொண்டு வந்தா. சொன்னேன்.

அவளும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறா, டிரில்காரன் பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டு. ஷிப்டு முடிஞ்ச ஆளுங்க அத்தன பேரும் இருக்காங்க. தொறக்கறேன். கல்ல ரெண்டு கையாலயும் புடிங்க. செவப்புல இருக்கிறத சத்தமா வாசிங்க.

சரி, நானே வாசிக்கிறேன். எல்லாரும் கேளுங்கப்பா.

கழுகு.