தேதி மட்டும் காலி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் ஐயா, ஆனாலும் குடிக்கலாம். ஸ்டேஷனில் இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் காளீஸ்வரன். திருத்தங்கலில் சின்னதாக ஒரு அச்சகம். வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிப்போம், யாராவது இறந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்போம். ஃபேஸ்புக் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் பத்து வருடம் ஓட்டியவன் நான். என் மனைவி சொர்ணலட்சுமிதான் விடவில்லை.

"எங்க அண்ணன் விருதுநகர்ல வத்தல் மண்டிய வச்சுக்கிட்டே தெனம் போட்டோ போடுதாக. ஊரே பாக்குது. நீங்க மட்டும் இங்கன ஒலகம் தெரியாம உக்காந்திருக்கீக" என்று மூன்று மாதம் அரித்தாள். தொல்லை தாங்காமல்தான் சேர்ந்தேன். இதை மறக்காமல் எழுதுங்கள்.

சேர்ந்த அன்றே, நானே வரைந்த சேவல் லேபிளை நாலு கலரில் போட்டேன். மூன்று லைக். ஒன்று மனைவி, ஒன்று நான், மூன்றாவது யாரோ லோன் கொடுக்கிறவர். அதே காலையில் என் மைத்துனர் அய்யாதுரை இட்லித் தட்டோடு நின்று ஒரு போட்டோ போட்டார். இருநூற்று நாற்பது. போதாக்குறைக்கு என் சேவலுக்குக் கீழே, "விடாம முயற்சி பண்ணுங்க மாப்ள, வரும்" என்று எழுதியிருந்தார். வயிறு எரிந்தது ஐயா, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். கோபுரம், மழை, என் புதுப் பல் செட் வரை போட்டுப் பார்த்தேன். நாலைத் தாண்டவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இறந்தவர் படத்துக்கு மட்டும் நம் சனம் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே போஸ்டரை டிசைன் செய்து வைத்துவிடுவோம். தீபாவளி லேபிள் சீசன் நேரத்தில் திடீரென்று வந்து கேட்டால் எங்கே போவது? போன வருடம் மைத்துனருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது அவருக்கும் ஒன்று செய்திருந்தேன். தேதி மட்டும்தான் காலி.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தேதியை நிரப்பி ஃபேஸ்புக்கில் போட்டேன்.

பத்தரைக்குள் நூறு வந்துவிட்டது. சொர்ணலட்சுமிக்கு யாரோ போன் பண்ணிவிட, "ஐயோ, எங்கண்ணே" என்று அடுப்படியில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எழுந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அப்போது நானூறு தாண்டிக்கொண்டிருந்தது. ஆறுதல் சொன்ன ஒவ்வொருவருக்கும் பதில் போட வேண்டாமா?

வெம்பக்கோட்டைச் சொந்தக்காரர்கள் வேன் நிறைய மாலையோடு விருதுநகர் போய், தெருமுனையிலேயே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். சத்தம் கேட்டுச் சோற்றுக் கையோடு வெளியே வந்தார் மைத்துனர். அவரைப் பார்த்ததும் வேன் டிரைவர் மயங்கி விழுந்தார். போஸ்டரைக் காட்டியதும் மைத்துனர் முதலில் என்னிடம் போனில் கேட்டது, "எனக்கு அம்பத்தெட்டுதான மாப்ள, அறுவத்தொண்ணுன்னு போட்டிருக்கீக?" என்றுதான்.

அவர் மகள் கீர்த்திகாவுக்கு வியாழக்கிழமை நிச்சயதார்த்தம். அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அந்தப் படத்தை எடுத்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார்களாம். "மாமா, ஒங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? அத எடுத்துருங்க மாமா" என்று அந்தப் பிள்ளை அழுதது. எனக்கும் மனசு கேட்கவில்லை. எடுக்கத்தான் விரலை வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் லைக் போட்டார்.

ஆமாம் ஐயா, இன்னும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இந்த லைக்கில் எல்லாம் ஆசையே கிடையாது. ஆனால் வாக்குமூலத்தில் 'சுமார் எழுநூறு' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுநூற்றுப் பன்னிரண்டு ஐயா. அதைத் திருத்துங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.