குவைத்திலிருந்து வந்த வைத்தியம்

நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காளும் தங்கையும், நடுவில் அவர்களுடைய அம்மையும் இருந்தார்கள்.

"அம்மைக்கு மூளையில கொழுப்பு கொறஞ்சதுனாலதான் மறதியாம். கொழுப்பு மாத்திரையை நிறுத்தணும்னு குவைத்துல இருந்து அண்ணன் சொல்லுதான்" என்றாள் தங்கை.

"போன மாசம் கொழுப்பு கூடினதுனாலன்னு சொல்லி முட்டையை நிறுத்தினவன்தானே?"

"இப்பம் தெனமும் ரெண்டு முட்டை குடுக்கணுமாம். வாட்ஸ்அப்புல வந்துதாம்."

"நீயும் மாத்திரையை நிறுத்தினியா?"

"பத்து நாளு நிறுத்தினேன். அதுக்குத்தான் இன்னைக்கு நீ மருந்து வாங்கப் போன நேரம் டாக்டர் அந்த ஏச்சு ஏசினாரு. மாத்திரை நெஞ்சுக்கு உள்ளதாம். ரத்தத்துல உள்ள கொழுப்பு மூளைக்குப் போவாதாம். மூளை தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கிடுமாம். அண்ணன்கிட்ட சொன்னா, டாக்டருக்கு ஒரு எளவும் தெரியாதுன்னான்."

"நாலு வருசமா அம்மைக்க முகத்தைப் பாக்காதவனுக்கு எல்லாம் தெரியும். கொழுப்பு ஆருக்குன்னு நல்லா தெரியுது."

அப்போது அண்ணனே கூப்பிட்டான். தங்கை போனை அம்மையின் காதில் வைத்தாள். தேங்காய் எண்ணெய், முட்டை, மாத்திரை என்று அவன் சொல்லிக்கொண்டே போனது எனக்கும் கேட்டது. அம்மை பொறுமையாகக் கேட்டாள்.

"டாக்டரா பேசுதீரு? தூரத்துல இருந்தா எப்பிடி நோய் தெரியும்? நேர்ல வந்து பாரும்."

தங்கை போனை வாங்கித் தன் காதில் வைத்தாள்.

"வச்சிட்டான் அக்கா" என்றாள்.