ஏழுக்கு ஏழு

நல்லப்பன்: லெட்டர எதுக்கு என் பக்கம் தள்றே?

கலைமணி: பேரு எழுதுற எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு அண்ணே. உங்க பேர எழுதிக்குங்க.

நல்லப்பன்: ஜெயிச்சது நீ. பாங்காக் பில்லியர்ட்ஸ் போட்டிக்குப் போறது நீ. கிளப்புக்கு ஒரு ஆளுதான்னு கூப்ட்டிருக்காங்க. நடுவுல நான் எங்க வந்தேன்? லபெயே டீ ஆறுது, குடி.

கலைமணி: ஒன்னு கேக்குறேன். மறைக்காம சொல்லணும்.

நல்லப்பன்: கேளு.

கலைமணி: அந்தக் கடைசிப் பந்த வேணும்னே விட்டீங்களா?

நல்லப்பன்: என்னது?

கலைமணி: ஏழுக்கு ஏழு. எட்டாவது பந்த யாரு போட்டாலும் முடிஞ்சிச்சு. அந்த நேரத்துல வெள்ளப் பந்த எனக்குத் தோதா நிறுத்திட்டீங்க. இருபது வருஷமா யாருக்கும் நீங்க அப்படி விட்டதில்லையாம். கிளப்புல அதத்தான் பேசுறாங்க.

நல்லப்பன்: யாரு பேசுறது?

கலைமணி: ஜுல்ஃபிகர் சொல்றாரு...

நல்லப்பன்: அவன் குத்தற குத்துல பந்து தெருவுக்குப் போவும். அவன் பேச்ச விடு.

கலைமணி: சிரிக்க வெக்காதீங்க. நான் ஒன்பது பந்து ஆடறவ. ஆறு குழியும் என்னோடதுன்னு பழகினவ. உங்க ஒன்-பாக்கெட் ஆட்டத்துல எனக்கு ஒரு மூலைக் குழி, உங்களுக்கு ஒரு மூலைக் குழி. மத்த நாலும் இருந்தும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான். மொத ரெண்டு ஆட்டத்துல எனக்கு மூச்சே முட்டிடுச்சு. அடிக்கவே விடல நீங்க.

நல்லப்பன்: நீ பந்து போடறதுக்கு ஆடறவ. நான் எதுத்தாப்ல நிக்கிறவன் போட முடியாமப் பண்றதுக்கு ஆடறவன்.

கலைமணி: அதான் கேக்குறேன். அப்படிப்பட்ட ஆளு எப்படி...

நல்லப்பன்: இரு. வெள்ளய எங்க வெச்சேன்?

கலைமணி: மேசை ஓரக் குஷன ஒட்டி.

நல்லப்பன்: நீ போட வேண்டிய பந்து?

கலைமணி: அந்தக் கோடியில.

நல்லப்பன்: அங்கேர்ந்து உன் குழிக்கு நேரா வழி இருந்துச்சா?

கலைமணி: இல்ல...

நல்லப்பன்: எங்க ஆட்டத்துல எவனும் அதத் தொட மாட்டான். தப்பிச்சாப் போதும்னு வெள்ளயத் தள்ளி ஒளிச்சு வெப்பான். நீ என்ன பண்ணே?

கலைமணி: ரெண்டு குஷன்ல அடிச்சுத் திருப்பினேன்.

நல்லப்பன்: அதுவும் அந்த வேகத்துல! தப்பியிருந்தா பந்து என் குழி வாயில வந்து நின்னிருக்கும்.

கலைமணி: தெரியும்.

நல்லப்பன்: தெரிஞ்சே அடிச்சே.

கலைமணி: பத்துக்கு ஏழு தடவ எனக்கு விழும் அண்ணே. அத மட்டும் தெனம் நூறு தடவ அடிச்சுப் பாக்குறேன்.

நல்லப்பன்: அவ்ளோதான் விஷயம். இங்கேர்ந்து யாராலயும் முடியாதுன்னு நான் நெனச்ச எடம், உனக்கு தெனம் அடிக்கிற ஷாட்டு. எனக்குத் தெரிஞ்ச பத்திரமான எடமெல்லாம்... உன்ன மாதிரி அடிக்கிறவங்க வர்ற வரைக்கும்தான் பத்திரம்.

கலைமணி: அப்படிச் சொல்லாதீங்க. மூணாவது ஆட்டத்துல என்ன ஒரு மூலையில அடைச்சு வெச்சீங்களே, எந்த வீடியோலயும் அதுக்கு வழி இல்ல. பத்து ஆட்டம் வெச்சா ஆறு நீங்கதான் எடுப்பீங்க.

நல்லப்பன்: ஆறா?... ஏழு.

கலைமணி: பாத்தீங்களா! அப்ப இன்னிக்கு விட்டுத்தான் குடுத்திருக்கீங்க.

நல்லப்பன்: இல்லம்மா.

கலைமணி: எங்க மாமியா உங்ககிட்ட சொல்லிட்டாங்க... அதானே?

நல்லப்பன்: எத?

கலைமணி: மனோஜப் பத்தி.

நல்லப்பன்: உன் வீட்டுக்காரன் லைங் தாயா பக்கம் ஒரு பேக்டரியில தங்கி வேல பாக்குறான். அதுல சொல்ல என்ன இருக்கு?

கலைமணி: அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அவரு அங்க இல்ல. ஒன்றர வருஷமா பாங்காக்ல இருக்காரு. இங்க வந்தா பட்டாளத்துக்குப் புடிச்சுட்டுப் போயிருவாங்க.

நல்லப்பன்: பாங்காக்லயா?

கலைமணி: நான் போட்டிக்குப் போனா... திரும்பி வர மாட்டேன் அண்ணே.

நல்லப்பன்: மெதுவாப் பேசு.

கலைமணி: மெதுவாத்தான் பேசுறேன்.

நல்லப்பன்: சத்தியமா எனக்குத் தெரியாது.

கலைமணி: தெரிஞ்சு, பாவம்னு விட்டிருந்தீங்கன்னா இந்த லெட்டர் எனக்கு வேணாம். அங்க போயும் எனக்குச் சோறு எறங்காது.

நல்லப்பன்: நான் ஜெயிக்கத்தான் ஆடினேன்.

கலைமணி: நீங்க எதுக்கு ஜெயிக்கணும்? கிளப்ப நடத்துற கோ சாதிக் ரெண்டு தடவ வெளிநாட்டுக்குக் கூப்ட்டும் போகாத ஆளு நீங்க. யாங்கூன விட்டு எங்கயும் வரலன்னுட்டீங்க.

நல்லப்பன்: அது அப்ப.

கலைமணி: இப்ப மட்டும் என்ன?

நல்லப்பன்: விடேன்...

கலைமணி: விட மாட்டேன். சொல்லுங்க. இல்லாட்டி நானே உங்க பேர எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்.

நல்லப்பன்: எம் மக பாங்காக்லதான் இருக்கா. பேத்தி பொறந்து எட்டு மாசமாச்சு, இன்னும் தூக்கல. நானும் திரும்பி வர்றதா இல்ல கலை. தாகேதாவுல இருக்குற என் வீட்டுச் சாவிய போன வாரமே பக்கத்து வீட்டு முரளிதரன்கிட்ட குடுத்துட்டேன்... இனி போய்த் திருப்பி வாங்கணும். நீ உன் பேர எழுது.