நெடி பார்த்தவன்

எனக்குச் சளியே பிடிப்பதில்லை, ஐயா. அதனால்தான் விழுப்புரம் சுகாதாரக் கிடங்கில் பிளீச்சிங் பவுடர் டிரம்களை முகர்ந்து பார்த்து அனுப்பும் வேலை எனக்கு வந்தது.

சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றிச் செய்வது அந்தப் பவுடர். கிருமியைக் கொல்வதெல்லாம் அந்த வாயுதான். மூடியைத் திறந்துபோட்டால் மழைக்காலத்து ஈரக்காற்றில் அது போய்விடும். மிஞ்சுவது எதற்கும் உதவாத தூள். பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். மூக்குதான் சொல்ல வேண்டும்.

பவுடரை ஊர்க் கிணறுகளுக்குக் கொண்டுபோகும் மாசிலாமணிக்கு அந்த மூக்கு இல்லை. கிணறு கிணறாகப் பவுடர் கரைத்தே அவனுக்கு நெடி தெரியாமல் போயிருந்தது. கிளம்பும்போது என்னைத்தான் கேட்பான்.

அவனுக்கு முன் கிணற்றில் கரைக்கும் அந்த வேலையைப் பார்த்தவன் நான். என் மனைவி அம்சவள்ளியின் ஊர் கெடார். அங்கே கிணற்றில் விஷம் கொட்டுகிறேன் என்று என்னைத் துரத்தினார்கள். மாமியார் வீட்டைத் தாண்டித்தான் ஓடினேன். அதே கிணற்றில் மாசிலாமணி பவுடரைக் கரைப்பான், சற்றுப் பொறுத்து முதல் சொம்பைத் தானே குடிப்பான். பிறகு ஊரே குடத்தோடு வரும்.

"அந்தத் தம்பி குடிச்சாத்தாங்க எங்க ஊர்ல தண்ணியே மொள்றாங்க," என்றாள் அம்சவள்ளி, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. சிரிப்பு வேறு. எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

யுத்தக் காலம் அது, சரக்கு ஊருக்கு இவ்வளவு என்று அளந்துதான் வரும். கெடாருக்கென்று ஒதுக்கிய டிரம்மை ஐப்பசி முழுக்கத் திறந்தே வைத்திருந்தேன். அவன் பேர் கெட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். கார்த்திகையில் அங்கே வாந்திபேதி கண்டது.

"அண்ணே, நெடி இருக்குதா பாருங்க. ஜல்தியா போவணும்."

குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை.

"மூக்கைத் தூக்குது. எடுத்துக்கினு போ," என்றேன்.

அன்றைக்குத் தண்ணீரில் நாற்றமே இல்லை என்று கெடாரில் சந்தோஷப்பட்டார்களாம். முதல் சொம்பு வழக்கம்போல் அவனுக்கு. அவனைப் பார்த்துக் குடித்தவர்களில் பலரும் போனார்கள், என் மாமியார் உட்பட. அவர்கள்மீது எனக்கு ஒரு பகையும் கிடையாது.

கிணற்றில் நான் எதையும் கலக்கவில்லை, ஐயா. ஒரு மூடியைத் திறந்தேன், ஒரு வார்த்தை சொன்னேன். அவன் குடிப்பான் என்பது எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாதது வேறொன்று. அவனைப் புதைத்த அன்று பேதி கண்ட வீடுகளிலிருந்துகூட ஆட்கள் எழுந்து வந்தார்கள். அம்சவள்ளி தன் தாய்க்கு அழுததைவிட அவனுக்கு அதிகம் அழுதாள். இத்தனை பேர் அழுவார்கள் என்று தெரிந்திருந்தால் அவனை உயிரோடு விட்டிருப்பேன்.